மே மாதத்துக்குப் பிறகு

அன்புள்ள சார்,

அமெரிக்காவில் கணினி அறிவியல் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் மென்பொருள் பொறியியல் பாடம். ஆறு பேர் சேர்ந்து நிஜமான ஒரு வாடிக்கையாளருக்கு மென்பொருள் செய்துதர வேண்டும். எங்களுக்கு அமைந்தது, இல்லாதவர்களுக்கு மளிகைப் பொருள் கொடுக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். அதை நடத்தும் பெண்மணி வாரத்துக்கு ஒன்று சொல்கிறார். ஒப்புக்கொண்டதைச் செய்து காட்டினால், ‘நான் கேட்டது இது இல்லையே’ என்கிறார். குழுவில் இரண்டு பேர் வேலையே செய்வதில்லை. மே மாதத்தோடு பருவம் முடிகிறது. 40 லட்சம் கடன் வாங்கி வந்திருக்கிறேன். இதற்குப் பதிலாக மெஷின் லேர்னிங் எடுத்திருக்கலாமா? இந்த நேரத்தில் லீட்கோட் தளத்தில் ப்ரோகிராமிங் புதிர்கள் போட்டிருந்தால் இன்டர்வியூவுக்காவது உதவியிருக்கும்.

கா.

அன்புள்ள கா,

பதில் எழுதாத கடிதங்கள் நிறைய இருக்கின்றன. உங்களுடையதை முதலில் எடுத்ததற்குக் காரணம், கொஞ்ச நாளாக எனக்கும் இதே யோசனையாக இருப்பதுதான்.

வேலை செய்யாத அந்த இரண்டு பேரை விடுங்கள். நாளைக்கு நீங்கள் போகும் கம்பெனியிலும் இருப்பார்கள், உங்களைவிட அதிகச் சம்பளத்தில்.

அந்தப் பெண்மணி விஷயத்துக்கு வருகிறேன். பேரி போம் என்று ஒருவர் இருந்தார். டிஆர்டபிள்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தில் பாதுகாப்புத் துறைக்கான பெரிய பெரிய மென்பொருள்களோடு மல்லுக்கட்டியவர். ஒரு மென்பொருளுக்கு எவ்வளவு உழைப்பு, எத்தனை மாதம் பிடிக்கும் என்று மதிப்பிட 1981இல் கோகோமோ என்ற கணக்கு முறையைக் கொடுத்தவர். 1992இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1996 வாக்கில் தன் முதுகலை மாணவர்களைக் குழு குழுவாகப் பிரித்து அந்தப் பல்கலைக்கழகத்து நூலகர்களிடமே மென்பொருள் செய்துதர அனுப்பிவைத்தார். இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகள், முப்பரிமாணமாகத் தெரியும் பழைய ஸ்டீரியோ புகைப்படங்கள் என்று நூலகர்களிடம் விதவிதமான சேகரிப்புகள். பிள்ளைகளுக்கு நூலகம் தெரியாது. நூலகர்களுக்கு, கணினியில் எது சுலபம், எது பிராணனை வாங்கும் என்று தெரியாது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்ன சொல்வார் என்பதை போம் ஒரே வரியில் எழுதிவைத்திருக்கிறார்: ‘பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.’ உங்கள் பெண்மணி பேச்சு மாறவில்லை. நீங்கள் காட்டிய பிறகுதான் அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். அடுத்த தடவை இரண்டு நாளில் காகிதத்தில் கிறுக்கிக் காட்டுங்கள், மூன்று வாரம் செலவழித்துவிட்டுக் காட்டாதீர்கள்.

இது சின்ன விஷயம். எனக்குக் கோபம் வந்தது வேறிடத்தில். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அங்கே வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், யார் பெயரை எழுதுகிறார்கள், பொருள் தீர்ந்துபோனால் என்ன செய்கிறார்கள், ஒரு சொல் இல்லை. மே மாதம் முடிகிறது என்று மட்டும் இருக்கிறது. யாருக்கு முடிகிறது?

என் பெரியப்பா ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் செயலாளராக இருந்தார். பக்கத்துக் கல்லூரியிலிருந்து எம்சிஏ கடைசிப் பருவப் பிள்ளைகள் மூன்று பேர் ப்ராஜெக்ட் என்று வந்தார்கள். சென்னையில் ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கி பைண்ட் பண்ணிக் கொடுக்கிற காலத்தில், நிஜமாகவே உட்கார்ந்து எழுதிய பிள்ளைகள் அவர்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். விஷுவல் பேசிக்கில் நிரல், அக்சஸில் தரவு. பில் போட்டது, இருப்பு காட்டியது. பெரியப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. லெட்டர்பேடில், முத்திரை குத்தி, ‘வெற்றிகரமாக முடித்துக் கொடுத்தார்கள்’ என்று சான்றிதழ் கொடுத்தார். போகும்போது ஆளுக்கு ஒரு பை அரிசியும் கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஏப்ரல் முதல் தேதி, நிதியாண்டு மாறியதும், பில் நம்பர் ஏறவில்லை. வருஷத்தை நிரலுக்குள் எங்கேயோ மாறாதபடி எழுதி வைத்துவிட்டார்கள். திறக்க பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்த பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், நம்பரும் மாறிவிட்டது. கடையில் வேலை செய்த அக்கா பழைய நோட்டை மறுபடி எடுத்தார். கணினியில் ஏறிவிட்ட ஒரு வருஷத்துக் கணக்கைத் தணிக்கைக்காக அவரே ஒவ்வொரு திரையாகப் பார்த்துக் கையால் எழுதி எடுத்தார். சம்பளம் கூடுதலாக ஒன்றும் இல்லை. பெரியப்பா கடைசிவரை, ‘நல்ல பையன்டா, அவன் என்ன பண்ணுவான்’ என்றுதான் சொன்னார். பையன் பாஸாகிவிட்டான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

போம் 1989இல் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: மென்பொருளோடு சம்பந்தப்பட்ட எல்லோரும் ஜெயிக்க வேண்டும். அந்த எல்லோரில், பின்னால் அதைப் பராமரிக்கப் போகிறவரும் உண்டு. ஒரு திட்டத்தின் மூன்று கட்டங்களை அவர் நிச்சயதார்த்தம், கல்யாணம், முதல் குழந்தை என்று சொல்வார். நோக்கத்தை ஒப்புக்கொள்வது முதலாவது, கட்டமைப்பை உறுதி செய்வது இரண்டாவது, மென்பொருள் ஓட ஆரம்பிப்பது மூன்றாவது. உங்கள் கால அட்டவணையில் குழந்தை பிறப்பது பரீட்சை வாரத்தில். மறு வாரம் நீங்கள் ஆறு பேரும் இன்டர்ன்ஷிப்புக்கு விமானம் ஏறிவிடுவீர்கள்.

வாடிக்கையாளர் எப்படி இருக்க வேண்டும் என்றும் அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: ஒத்துழைப்பவர், பயன்படுத்துவோருக்காகப் பேசக்கூடியவர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், ஈடுபாடு உள்ளவர், விஷயம் தெரிந்தவர். நியாயமான பட்டியல்தான். அதே ஈடுபாட்டை மாணவரிடமும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பெண்மணி ஊதியமில்லாமல் வாராவாரம் உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். ஃபீஸ் என்னவோ பல்கலைக்கழகத்துக்குப் போகிறது.

ஆகவே கேட்கிறேன். சர்வர் யார் கணக்கில் ஓடுகிறது? உங்கள் குழுவில் ஒருவரின் இலவசக் கணக்கில்தானே? டொமைன், அதாவது இணைய முகவரி, யார் கார்டில் வாங்கியது? எழுதிய நிரலைச் சேமித்து வைத்திருக்கும் கிட்ஹப் கணக்கு யாருடையது? நீங்கள் ரியாக்டில் எழுதிய திரையில் ஒரு பட்டனை மாற்ற வேண்டுமென்றால் அவர் யாரைக் கூப்பிடுவார்? தொண்டர் பட்டியலை எக்செல்லில் எடுத்துக்கொள்ள ஒரு வழியாவது வைத்திருக்கிறீர்களா? அவரால் கூகுள் ஷீட்டும் ஒரு படிவமும்தான் தனியாகச் சமாளிக்க முடியும் என்றால், அதையே ஒழுங்காகச் செய்து கொடுங்கள். அதில் எஞ்சினியரிங் இல்லை என்று மார்க் குறைத்தால் குறைக்கட்டும். அந்த வாதத்தைப் பேராசிரியரிடம் வைப்பதும் இந்தப் பாடத்தில் அடக்கம்தான்.

கடைசி இரண்டு வாரம் புதிதாக எதுவும் எழுதாதீர்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள் மவுஸைத் தொடாமல், அவரே எல்லாவற்றையும் செய்யட்டும். தடுமாறுகிற இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு சரிசெய்யுங்கள்.

மெஷின் லேர்னிங் அடுத்த பருவத்திலும் இருக்கும். லீட்கோட்டை ராத்திரியில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? கணக்குகளையெல்லாம் அந்த நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிய பிறகு ஒரு வரி எழுதுங்கள்.