சார்ஜ் பண்ணுறதெண்டா காசா, குற்றமா?

உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசெப்ஷன்ல நிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா. ரூம் புக் பண்ணின வெளிநாட்டுக்காரர் ஒராளுக்கு, காலைச் சாப்பாட்டுக்கு வேறயா காசு எடுப்பம் எண்டு சொல்றதுக்காக 'யூ வில் பீ சார்ஜ்ட் வித் பிரேக்ஃபாஸ்ட்' எண்டு மெயில் போட்டிருக்கிறா, அந்தாள் 'அப்ப நான் கோர்ட்டுக்கு வரவேணுமா?' எண்டு திருப்பி எழுதியிருக்கிறார். இவவுக்கு ஒண்டும் விளங்கல்ல. ஃபோனுக்கும் சார்ஜ், பில்லுக்கும் சார்ஜ், பொலிசிலயும் சார்ஜ் எண்டா எத எங்க பாவிக்கிறது எண்டு கேக்கிறா.

தங்கச்சி, பிழை அந்த 'வித்'லதான் கிடக்குது. 'சார்ஜ்ட் வித்' எண்டு வந்தா பெரும்பாலும் அதுக்குப் பின்னால ஒரு குற்றத்தின்ர பேர்தான் வரும், 'சார்ஜ்ட் வித் தெஃப்ட்' எண்டா களவுக் குற்றம் சுமத்தியிருக்கு. காலைச் சாப்பாடு எண்ட குற்றத்தை உங்களில சுமத்துவம் எண்டுதான் அவர் வாசிச்சிருப்பார். காசெண்டா 'ஃபோர்' போடவேணும். 'வீ சார்ஜ் எக்ஸ்ட்ரா ஃபோர் பிரேக்ஃபாஸ்ட்' எண்டு எழுதியிருந்தாக் காணும், 'யூ வில் பீ' எண்டு ஆளை முன்னுக்கு வைச்சுத் தொடங்குறது கொஞ்சம் அதட்டுற மாதிரியும் கேக்கும்.

இந்தச் சொல்லின்ர பத்துப் பதினைஞ்சு அர்த்தத்தையும் பாடமாக்கச் சொல்லி நான் பிள்ளையளுக்கு ஒருநாளும் சொல்றதில்ல. அடியில கிடக்கிற ஒண்டைப் பிடிச்சாக் காணும், அது 'ஏத்திறது'. லத்தீன்ல 'கார்ருஸ்' எண்டா வண்டில், அதில இருந்து வந்த 'கார்ரிகாரே' எண்டா பாரம் ஏத்திறது, அது பழைய பிரெஞ்சு வழியா வந்து இங்கிலீஷ்ல சார்ஜ் ஆச்சு. எங்கட ஹார்பருக்குக் கப்பல்ல வாற கார்கோவும் அதே வேர்தான், அது ஸ்பானிஷ் வழியா வந்தது. பீரங்கிக்குள்ள வெடிமருந்து ஏத்தினதும் சார்ஜ், பிறகு 1740கள்ல லெய்டன் ஜாடி எண்ட கண்ணாடிப் போத்தலுக்குள்ள மின்சாரத்தை ஏத்தி வைக்கப் பழகினப்ப பெஞ்சமின் பிராங்க்ளின் போல ஆக்கள் அதுக்கும் இந்தச் சொல்லத்தான் பாவிச்சாங்க. இப்ப தமிழை யோசிச்சுப் பாருங்க, ஃபோனுக்குச் சார்ஜ் ஏறுது எண்டுறம், கணக்கில ஏத்து எண்டுறம், குற்றம் சுமத்துறாங்க எண்டுறம், பொறுப்பைத் தலையில சுமத்திட்டான் எண்டுறம். ரெண்டு பாஷையும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு, எத்தனை தரம் வகுப்பில சொன்னாலும் எனக்கு இதில புல்லரிக்கும்.

உங்கட வேலைக்குக் காசுச் சார்ஜ்தான் முக்கியம், அதால அதில கொஞ்சம் நிக்கிறன். நாங்க 'என்னட்ட 3000 எடுத்தாங்க' எண்டு சொல்லிப் பழகினதால இங்கிலீஷ்லயும் 'சார்ஜ்ட் ஃப்ரொம் மீ' எண்டு வாயில வந்திடும், அது பிழை. 'தே சார்ஜ்ட் மீ 3000 ருப்பீஸ் ஃபோர் த போட்', முதல்ல ஆள், அடுத்தது காசு, பிறகு ஃபோர் போட்டு எதுக்கெண்டது, இப்பிடியே பழகுங்க. 'டு' வாறது கணக்குக்கு. கெஸ்ட் ஒராள் சோடா குடிச்சிட்டு 'சார்ஜ் இட் டு மை ரூம்' எண்டா ரூம் பில்லில ஏத்து, போகேக்க தாறன் எண்டு அர்த்தம், அந்த இடத்தில காசுக்குக் கை நீட்டாதீங்க. இன்னொண்டு, சார்ஜ் பண்ணுறது ஆள் இல்லாட்டி கடை. நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்குக் கூட்டிப்போற போட்டுக்காரர் சார்ஜ் பண்ணுவார், போட் ட்ரிப்புக்கு 'கொஸ்ட்ஸ்' எண்டுதான் வரும்.

பாயுற சார்ஜும் உங்கட காதில விழும், கெஸ்ட் ஆக்கள் கவுடுல்ல, மின்னேரியா போய் யானை பார்த்திட்டு வந்து கதைப்பாங்கதானே. ஹபரணை றோட்டில ஒருக்கா எங்கட வேனுக்கு முன்னால தனியன் ஒண்டு நிண்டது, காதை விரிச்சுக்கொண்டு நாலு எட்டு வேகமா வந்து, புழுதி கிளம்ப டக்கெண்டு நிண்டிட்டுது, டிரைவர் மூச்சு விடாம வேனைப் பின்னுக்கு எடுத்தார். அதை 'மொக் சார்ஜ்' எண்டுவாங்க, வெருட்டுற பாய்ச்சல். பாயுற சார்ஜ் எண்டா முழுப் பாரத்தோடயும் மேல வாறது எண்டு ஞாபகம் வைங்க. 'த எலிஃபன்ட் சார்ஜ்ட் அட் அஸ்' எண்டாலும் சரி, 'அட்' இல்லாம 'சார்ஜ்ட் அஸ்' எண்டாலும் சரி.

கடைசியாப் பொறுப்பு. பொலிஸ் ஸ்டேஷன்ல ஓஐசி எண்டுறமே, அந்தச் 'சி' இந்தச் சார்ஜ்தான், ஒஃபிசர் இன் சார்ஜ். 'இன் சார்ஜ் ஒஃப்' எண்டா பொறுப்பா இருக்கிறவர், நடுவில 'த' போட்டு 'இன் த சார்ஜ் ஒஃப்' எண்டா அப்பிடியே தலைகீழ், இன்னொராளின்ர பொறுப்பில இருக்கிறது எண்டாகும், பிள்ளை பெரியம்மாட பொறுப்பில எண்டு சொல்றமே அது. ராத்திரி கெஸ்ட் ஒராள் கீழ இறங்கி வந்து 'ஹூ இஸ் இன் சார்ஜ் ஹியர்?' எண்டு கேட்டா பில்லைத் தேடாதீங்க, இப்ப இங்க பொறுப்பு ஆர் எண்டுதான் கேக்கிறார், முதலாளி வீட்ட போயிட்டார் எண்டா நேராப் பார்த்து 'ஐ ஆம் இன் சார்ஜ் டுநைட்' எண்டு சொல்லுங்க.