பாதியில் நின்றுபோகும் வாக்கிங்

கேள்வி: வயது 44, எடை 84 கிலோ. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்துதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவோடு கோட்டைக்குப் போய் ஒரு மணி நேரம் நடப்பேன். மூன்றாவது வாரம் முட்டி வலி வந்து நின்றுவிடும். எடையும் குறையவில்லை. எனக்கு மனஉறுதி இல்லையா டாக்டர்?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: உங்கள் மனஉறுதிக்கு ஒரு குறையும் இல்லை அம்மா. வருஷா வருஷம் திரும்ப ஆரம்பிக்கிறீர்களே! சிக்கல் அந்த ஒரு மணி நேரத்தில்தான். வருஷம் முழுக்க உட்கார்ந்த கால்களை எடுத்த எடுப்பில் அவ்வளவு நடக்கவிட்டால் முட்டி வலிக்கத்தான் செய்யும். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும், இன்னும் நடக்கலாம் போலிருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள், அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் சாப்பாட்டு இடைவேளையில் நடக்கிற ஐந்து நிமிடமும் சேரும், சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடப்பதும் சேரும். அக்கா வராத நாளில் கோட்டை வேண்டாம், உங்கள் தெருவிலேயே நடங்கள்.

மூன்று வாரம் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. விட்ட நாளுக்காக வருத்தப்படாமல் மறுநாள் நடந்தால் போதும்.

எடை மிஷினைத் தினமும் பார்க்காதீர்கள். சாப்பாடு மாறாமல் நடை மட்டும் என்றால் முள் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் சர்க்கரை, பி.பி., தூக்கம் எல்லாம் அதற்கு முன்னாடியே சீராக ஆரம்பிக்கும். முட்டி தேய்மானம் உள்ளவர்களில் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறதாம், அதனால் சின்னக் குறைவையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறீர்கள், உங்கள் காலுக்கும் மெத்தென்ற ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்பில் நடக்க வேண்டாம்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் நின்ற நடை ஆடியிலும் திரும்ப ஆரம்பிக்காத பலரைப் பார்க்கிறேன். அந்த நாட்களில் ஃபேனுக்குக் கீழேயே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், தொடைக்கு வலு வந்தால் முட்டிக்கும் நல்லது. முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்குத் தொப்பை, சர்க்கரையும் உண்டு. எவ்வளவு திட்டினாலும் நடக்க மாட்டேன் என்கிறார்.
- வாசகர், குடியாத்தம்

பதில்: திட்டுவதை நிறுத்துங்கள் தம்பி, உடம்பைப் பற்றிக் கேலி கேட்டவர்கள் வெளியே வரவே கூச்சப்படுவார்கள். 'கடை வரைக்கும் போயிட்டு வரலாம் வாப்பா' என்று நீங்களும் கூடவே நடங்கள். சில சர்க்கரை மாத்திரைகளோடு நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சட்டைப்பையில் இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்.