மெடியாவின் வேஷங்கள்

கேள்வி: பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'மெடியா'வைப் பெண்ணுரிமை நாடகம் என்று கொண்டாடுகிறார்கள். கணவனைப் பழிவாங்க, பெற்ற பிள்ளைகளையே ஒருத்தி கொல்கிற கதை அது. பெண்களை இழிவுபடுத்துகிறது என்றல்லவா சொல்ல வேண்டும்?

பதில்: கொண்டாடுகிறவர்கள் முதல் பேச்சோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நேராகக் கொலைக்குப் போய்விட்டீர்கள். நடுவில் அவள் செய்வதையும் கொஞ்சம் பாருங்கள்.

கொரிந்துப் பெண்களிடம் அவள் பேசுவது பிரசித்தம்: பணத்தைக் கொட்டிப் புருஷனை வாங்குகிறோம், வந்தவன் நம் உடம்புக்கே எஜமானாகிறான், ஒரு பிள்ளை பெறுவதற்குப் பதில் மூன்று முறை கேடயம் பிடித்துப் போரில் நிற்கலாம். அன்றைய ஏதென்ஸ் பெண்ணின் நிலைமை அச்சு அசலாக இதுதான். சரி, மெடியாவுக்கு யார் வரதட்சணை கொடுத்தார்கள்? அப்பனுக்குத் துரோகம் செய்து, சகோதரனைக் கொன்று, பின்னால் அவளைக் கைவிட்டு இளவரசியை மணந்த கணவன் ஜேசனிடம் வலக்கை பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். இரண்டு ஆண்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் போல. பிறகு எதற்கு இந்தப் பொதுப் புலம்பல்? பேச்சின் கடைசி வரிகளில் விடை இருக்கிறது: "நான் பழிவாங்க வழி கண்டால் நீங்கள் வாய் திறக்கக் கூடாது." கோரஸாக (பாட்டுக்குழுவாக) நிற்கும் அந்தப் பெண்கள் சம்மதிக்கிறார்கள். மேடைகளில் மேற்கோள் காட்டுகிறவர்கள் இங்கே வருவதற்குள் நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்து ஆண்கள். நாடுகடத்த வந்த கொரிந்து மன்னன் கிரேயோனின் காலைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைச் சொல்லியே ஒரு நாள் அவகாசம் வாங்குகிறாள். பிள்ளையில்லாத ஏதென்ஸ் மன்னன் ஏஜியஸிடம் மருந்து தெரியும் என்று சொல்லி அடைக்கலம். ஜேசனிடம், "பெண்புத்தி, பொறுத்துக்கொள்." பெண் என்றால் இப்படித்தான் என்று எவன் எதை நம்புகிறானோ, அவனுக்கு அந்த வேஷம். மூவருமே ஏமாறுகிறார்கள். (கி.மு. 431இல் அந்த வேஷத்தைப் போட்டவரும் முகமூடி அணிந்த ஆண் நடிகர்தான்.)

ஏஜியஸ் காட்சி காரணமில்லாமல் ஒட்டவைத்தது என்பது அரிஸ்டாட்டிலின் புகார். எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன்பே கிரேயோன், தன் பிள்ளைகளுக்கு அடுத்தபடிதான் நாடு என்று உளறிவிடுகிறான். பிள்ளைவரம் கேட்டு டெல்ஃபியில் குறிசொல்லும் கோயில்வரை போய்வந்தவன் ஏஜியஸ். ஆண்களுக்கு எங்கே வலிக்கும் என்று அவள் கண்டுகொள்கிறாள். ஏஜியஸ் போன பிறகுதான் பிள்ளைகளைக் கொல்லப்போவதாக வெளிப்படையாகச் சொல்கிறாள். நாடகம் போடுகிறவர்களுக்கு வெட்டத் தோன்றும் முதல் காட்சி இது. வெட்டினால் கொலை வெறும் பைத்தியக்காரத்தனமாகிவிடும்.

கொல்வதற்கு அவள் சொல்லும் காரணமும் பெண்ணுக்குரியதாக அன்று கருதப்பட்டது அல்ல. "பகைவர் சிரிக்க விடுவேனா?" அது அயாக்ஸ் போன்ற கிரேக்கக் காவிய வீரர்களின் மானக் கணக்கு. அதே தனிமொழியில் அவளுக்குள் இருக்கும் தாய் குறுக்கே வந்து கெஞ்சுகிறாள், பிள்ளைகளின் மிருதுவான தோலையும் மூச்சையும் சொல்லி. மானம் ஜெயிக்கிறது. அந்த ஆண் இலக்கணத்தை ஒரு பெண் கையில் கொடுத்து, அதன் விலையை ஆண்கள் நிறைந்திருந்த அவைக்குக் காட்டினார் யூரிப்பிடீஸ். அந்த ஆண்டுப் போட்டியில் மூவரில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

இழிவான வசனம்தான் வேண்டுமென்றால் ஜேசன் வாயில் இருக்கிறது: பிள்ளை பெற வேறு வழி இருந்தால் பெண்ணினமே தேவையில்லை என்கிறான். கடைசியில் அவள் சூரியன் கொடுத்த தேரில், தெய்வங்கள் தோன்றும் உயரத்தில், பிள்ளைகளின் உடல்களோடு நிற்கிறாள். ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன் என்று அவன் கீழே நின்று கெஞ்சுகிறான். முடியாது என்றுவிடுகிறாள்.