சாவியை எடுத்தால் ஹெட்லைட் அணைய வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மொரிஸ் மைனர். ஹட்டனிலிருந்து வரும்போது பகலிலேயே மூடுபனி. லைட்டைப் போட்டு ஓட்டிவந்து, வீட்டில் நிறுத்தியபின் அணைக்க மறந்துவிடுகிறேன். இந்த மாதம் இரண்டு தடவை லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காரைத் தள்ளவேண்டியதாயிற்று. சாவியை எடுத்ததும் லைட் அணையும்படி செய்ய முடியுமா ஐயா? (டிக்கோயா வாசகர்)

பதில்: முடியும், அரைநாள் வேலைதான். ஆனால் சாவியோடு கட்டவேண்டியது ஹெட்லைட்டை மட்டும். சைட் லைட்டில் கைவைக்காதீர்கள். கொழுந்து லொறிக்கு வழிவிட்டு மூடுபனியில் ஓரமாக நிற்கிறீர்கள் என்று வையுங்கள். எஞ்சினை அணைத்ததும் பின்விளக்கும் அணைந்துபோனால், வளைவில் திரும்பும் பஸ்காரருக்கு உங்கள் கார் கண்ணில் படாது. சாவியைப் போட்டபடியே நிற்கலாமே என்றால் அதுவும் கூடாது. எஞ்சின் ஓடாமல், பாயிண்ட் (கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் தொடுப்பு) மூடியபடி நின்றிருந்தால் இக்னிஷன் கொயில் சூடேறிக் கெட்டுவிடும்.

இனி வயரிங். லூக்காஸ் (அக்காலத்து பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகம் செய்த கம்பெனி) நிற முறையில் சிவப்பு வயர் சைட் லைட்டுக்கு. தனி நீலம், லைட் சுவிட்சிலிருந்து, வெளிச்சத்தை உயர்த்தித் தாழ்த்தக் காலடியில் இருக்கும் டிப் சுவிட்சுக்குப் போவது. வெள்ளையில் சாவி போட்டால்தான் மின்சாரம் வரும். அந்த நீல வயரை நடுவில் வெட்டி ஒரு நான்கு கால் ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வையுங்கள். கால்களின் எண்கள் அதிலேயே இருக்கும். சுவிட்ச் பக்கத்து நீலம் 30இல், டிப் பக்கத்து நீலம் 87இல். வெள்ளையிலிருந்து ஒரு கிளை 86க்கு, அதில் 3 அம்பியர் பியூஸ் ஒன்று. 85 பாடிக்கு, அதாவது எர்த்துக்கு. அவ்வளவுதான்.

வெள்ளைக்குப் பதிலாகப் பச்சையில் எடுக்கச் சொல்லும் மெக்கானிக் பாஸ்மாரும் உண்டு. பச்சை பியூஸ் வழியாக வைப்பருக்கும் பிரேக் லைட்டுக்கும் போகும் வயர். வைப்பர் சிக்கி அந்த பியூஸ் போனால், கொட்டும் மழையில் ஹெட்லைட்டும் சேர்ந்து போய்விடும்.

ரிலே இல்லாமல், ஹெட்லைட்டை நேரே இக்னிஷன் சுவிட்ச் வழியாக இழுத்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து அனுபவித்தவன். இரண்டு 55 வாட் பல்புகள் 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சிறிய சுவிட்ச் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது டாஷ்போர்டிலிருந்து மீன் கருகியதுபோல ஒரு வாடை வந்தது. எஞ்சின் ஒருமுறை விக்கியது. அடுத்த நொடி லைட்டும் எஞ்சினும் ஒன்றாக நின்றன. டோர்ச் அடித்துச் சுவிட்சைக் கழற்றினால், வெள்ளை வயரின் உறை பழுப்பாகிச் சுருண்டு, பித்தளைக் கால் ஆட்டம் கண்டு கையோடு வந்தது.

கேள்வி: என் ஒஸ்டின் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் கூட்டல் முனை பாடியில். கடையில் விற்கும் ரிலே பொருந்துமா? (வெலிமடை வாசகர்)

பதில்: உள்ளே டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) இல்லாத ரிலேயாக இருந்தால் பொருந்தும், அதன் சுருளுக்குக் கூட்டல் கழித்தல் எல்லாம் ஒன்றுதான். ரிலேயின் மேல் அச்சிட்ட படத்தைப் பாருங்கள். 85க்கும் 86க்கும் நடுவே அம்புக்குறி போல ஒன்று இருந்தால் அது டயோட். அப்படியானால் அந்த இரண்டு கால்களையும் மாற்றி இணைக்கவேண்டும்: 86 பாடிக்கு, 85 வெள்ளைக்கு. எல்இடி பல்பு வாங்குவதானால் இன்னும் கவனம் தேவை. பலவும் பொசிட்டிவ் எர்த்தில் எரியாது.

கேள்வி: ரிலே போட்டபிறகும் தோட்டத்து லேண்ட்ரோவரின் ஹெட்லைட் மங்கலாகவே இருக்கிறதே? (ஹப்புத்தளை வாசகர்)

பதில்: சாவிக்காகப் போட்ட ரிலே வெளிச்சத்தைக் கூட்டாது. மின்சாரம் இன்னும் பழைய லைட் சுவிட்சையும் டிப் சுவிட்சையும் சுற்றித்தான் வருகிறது. ஹெட்லைட்டுக்கு அருகில் இன்னும் இரண்டு ரிலே வைத்து, பற்றரியிலிருந்து தடித்த வயரில் நேரே மின்சாரம் கொடுங்கள். பழைய வயர்கள் அந்த ரிலேக்களை இயக்கினால் போதும். அக்காலத்துப் பல கார்களில் ஹெட்லைட்டுக்கு பியூஸே கிடையாது. இடது வலதுக்குத் தனித்தனி பியூஸ் போடுங்கள். ஒரே பியூஸ் போட்டு அது போனால் இரண்டு கண்ணும் குருடு. அதற்கு முன், பல்பின் எர்த் வயர் திருகப்பட்ட இடத்தில் துருவைச் சுரண்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது பெற்றோலை மிச்சப்படுத்தச் சாவியை அணைத்து நியூட்ரலில் விடுவது வழக்கம். இந்த வயரிங் எனக்குச் சரிவருமா? (பூண்டுலோயா வாசகர்)

பதில்: வராது. இரவில் அணைத்த நொடியே இருட்டு. வயரிங்கை விடுங்கள், அந்த வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். எஞ்சின் பிடித்து நிறுத்தவேண்டிய எடையெல்லாம் டிரம் பிரேக்கின் மேல் விழுகிறது. சூடேறிய டிரம் பிடிக்காது.

கேள்வி: அப்பா வைத்திருந்த கார். ஒரு வயரைக்கூட வெட்ட மனம் வரவில்லை. வேறு வழி உண்டா? (பண்டாரவளை வாசகி)

பதில்: உண்டு. உங்கள் நிலையில் நானாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன். 12 வோல்ட் சிறிய பஸர் ஒன்றை வாங்கி, ஒரு முனையைச் சைட் லைட்டின் சிவப்பிலும் மறுமுனையை பியூஸ் தாண்டிய பச்சையிலும் இணையுங்கள். லைட்டும் சாவியும் போட்டிருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், சத்தம் வராது. லைட் எரிய, சாவியை மட்டும் அணைத்தால் பச்சை எர்த் நிலைக்கு இறங்கும். பஸர் கத்தத் தொடங்கும். நெகட்டிவ் எர்த் காரில் பஸரின் சிவப்பு முனை சைட் லைட் பக்கம். பொசிட்டிவ் எர்த் என்றால் கறுப்பு முனை. மூடுபனியில் வேண்டுமென்றே சைட் லைட்டோடு நிற்கும்போதும் அது கத்தும், ஆகவே நடுவில் ஒரு சிறிய சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள்.