அடுப்படி கேள்வி பதில்: பொரித்த எண்ணெயை என்ன செய்வது?

கேள்வி (கும்பகோணம் வாசகி): முறுக்கு, அதிரசம் சுட்டபின் அரை லிட்டர் எண்ணெய் மிஞ்சிவிடுகிறது. கொட்டவும் மனம் வரவில்லை. மறுபடி எத்தனை தடவை பயன்படுத்தலாம்?

பதில்: திரும்பப் பொரிக்கவே வேண்டாம். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிக்கவோ குழம்புக்கோ தீர்த்துவிடுங்கள். சூட்டில் காற்றும் ஈரமும் பட்டு எண்ணெய் சிதையும்போது உண்டாகும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதியே இருக்கிறது. வீட்டில் இதை அளக்க வழியில்லை. ஆனால் நுரை அடங்காமல் பொங்குவது, வழக்கத்துக்கு முன்பே புகைவது, விரலில் பிசுபிசுப்பது, சிக்கு வாடை அடிப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

மிச்சமே குறைவாக இருக்கும்படி பார்ப்பதுதான் நல்லது. அகலமான வாணலியை விட்டுக் குழிவான சிறிய சட்டியில், கால் லிட்டர் எண்ணெயில், நாலைந்தாகப் போட்டு எடுங்கள். உதிர்ந்த தூள்களை ஒவ்வொரு ஈடுக்கும் அரித்தெடுங்கள். அவை கருகினால் எண்ணெயும் சீக்கிரம் கறுக்கும். வாழைக்காய் சிப்ஸுக்கு உப்புத் தண்ணீரை எண்ணெயிலேயே தெளிப்பது பல வீடுகளில் வழக்கம். அந்த ஈரம் எண்ணெயைச் சிதைக்கிறது. பொரித்தெடுத்தபின் பொடியுப்பு தூவினால் போதும். இரும்புச் சட்டியிலேயே இரவு முழுக்க எண்ணெயை விட்டுவைக்காதீர்கள், இரும்பு பட்டால் சிக்கு வாடை இன்னும் விரைவாக வரும். பொரிக்கச் சூரியகாந்தி எண்ணெயைவிடக் கடலை எண்ணெய் சூட்டைத் தாங்கும்.

கெட்டுப்போன எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் உறைந்து, சோப்போடும் சோற்றுப் பருக்கையோடும் சேர்ந்து கட்டியாகி, தெருச் சாக்கடைவரை அடைக்கும். கொஞ்சம் என்றால் மரத்தூளிலோ பழைய செய்தித்தாளிலோ ஊறவிட்டுக் குப்பையில் போடலாம். உயிரி டீசல் தயாரிக்க எண்ணெய் வாங்குபவர்கள் வீடு வீடாக வருவது அரிது. அடுக்ககத்தில் இருப்பவர்கள் ஒரே கேனில் சேர்த்துவைத்துக் கூப்பிட்டால் வருவார்கள். யார் வாங்கினாலும் அது திரும்பச் சமையலுக்குப் போகாது என்று உறுதிசெய்துகொண்டு கொடுங்கள்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): கொண்டைக்கடலை வேக சிலிண்டர் வீணாகிறது, சாப்பிட்டால் வயிறும் உப்புகிறது.

பதில்: இரண்டுக்கும் மருந்து ஊறவைப்பதில் இருக்கிறது. ஒரு கப் கடலைக்கு மூன்று கப் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, எட்டு முதல் பத்து மணி நேரம். உப்பு தோலை இளக்கும். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால், அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு கலந்த அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அணையுங்கள். ஆவி தானாக அடங்கட்டும், அந்தச் சூட்டிலேயே மீதியும் வெந்துவிடும். பெரிய தீயில் விசில் மேல் விசில் விடுவதால் உள்ளே சூடு அதிகமாகிவிடாது, ஆவி வெளியே போய் கேஸ்தான் வீணாகும். புளியும் தக்காளியும் வெந்தபிறகுதான். முன்பே சேர்த்தால் தோல் இறுகிவிடும். உங்கள் ஊர்ப்பக்கம் போர் தண்ணீர் கடினமாக இருந்தால், ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிதண்ணீரையே எடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரியாகிறதே?

பதில்: காற்று போதவில்லை. அப்படி எரிந்தால் கேஸும் கூடுதலாகச் செலவாகும், புகையும் மூச்சில் ஏறும். ஆறிய பர்னரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். அப்படியும் நீலமாக எரியாவிட்டால் மெக்கானிக்கை அழையுங்கள். அதுவரை ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.