பிளூம்ஸ்பரியில் எதைப் பார்ப்பது?

அன்புள்ள சார்,

அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு லண்டன் போகிறோம். அங்கே எழுத்தாளர்கள் பலர் வாழ்ந்த பிளூம்ஸ்பரி பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் போய்வந்த நண்பர், "எழுத்தாளர் பெயர் போட்ட நீலப் பலகையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை, வீடெல்லாம் ஆபீஸாகிவிட்டது" என்கிறார். போகலாமா? ஆறு வயதுப் பேத்தியும் வருவாள்.

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாகப் போங்கள். நண்பர் சொன்னது பொய்யில்லை. அவர் வீடுகளைத் தேடிப் போயிருக்கிறார், அதுதான் சிக்கல். ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் 1924 முதல் 1939 வரை குடியிருந்த டாவிஸ்டாக் சதுக்கத்து வீடு 1940 குண்டுவீச்சில் போய்விட்டது. இப்போது அங்கே ஓட்டல். ஆனால் எதிரே உள்ள பூங்கா இருக்கிறது. அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தபோதுதான் 'டு த லைட்ஹவுஸ்' நாவல் மளமளவென்று மனதில் உருவானதாக அவரே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நாம் பார்க்க வேண்டியது வீட்டையா, நடைபாதையையா?

பூங்காவின் நடுவில் காந்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், 1968இல் வைத்த சிலை. பூ வைப்பதற்கென்றே பீடத்தைக் குடைந்து, நம் ஊர் விளக்கு மாடம் மாதிரி ஒரு குழி விட்டிருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் நினைவாக நட்ட செர்ரி மரமும், ஒரு மூலையில் வுல்ஃபின் மார்பளவுச் சிலையும் உண்டு. இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடாதீர்கள். பெஞ்சில் உட்காருங்கள். இந்தப் பகுதியின் சதுக்கங்கள் ஒருகாலத்தில் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் மட்டும் சாவி இருந்த தோட்டங்கள். இன்று யார் வேண்டுமானாலும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் உட்காரலாம். எனக்கு நீலப் பலகைகளைவிட இதுதான் பெரிய விஷயம்.

கூப்பிடு தூரத்தில் கார்டன் (Gordon) சதுக்கம். அங்கே தாகூர் சிலை இருக்கிறது. அவர் கொஞ்சகாலம் படித்த கல்லூரியும் பக்கத்தில்தான். ரஸ்ஸல் சதுக்கம் பெரியது, கவிஞர் டி. எஸ். எலியட் வேலை பார்த்த பதிப்பகம் அதன் ஓரத்தில் இருந்தது. நடக்கிற வழியில் பார்த்தால் போதும்.

ஒரு வீட்டுக்குள்ளாவது போயே தீருவேன் என்றால், டவுட்டி தெரு 48ஆம் எண். டிக்கன்ஸ் 'ஆலிவர் ட்விஸ்ட்'டை எழுதி முடித்த வீடு, இப்போது மியூசியம். தினமும் திறந்திருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அருகிலேயே கோரம்ஸ் ஃபீல்ட்ஸ். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த விடுதி இருந்த நிலம் அது. அந்த விடுதியின் தேவாலயத்துக்கு டிக்கன்ஸ் போய்வந்திருக்கிறார். இன்று அது சிறுவர் பூங்கா. துணைக்குக் குழந்தை இல்லாத பெரியவர்களுக்கு அனுமதி கிடையாது. பேத்தியை மகள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், உங்களை உள்ளே விடமாட்டார்கள்.