நாற்பது பக்கமும் ஒரு எண்ணும்

வணக்கம் சார்,

வியாசர்பாடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். படித்தது ஐடிஐ. பிரபஞ்சம் முழுக்க ஒரே அதிர்வுதான் என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். ஈர்ப்பு, ஒளி, அணு எல்லாமே அதில் வந்துவிடுகிறது. நான்கு பேராசிரியர்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை. பட்டம் இல்லாதவன் எழுதினால் படிக்கமாட்டார்களா? உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நாற்பது பக்கத்தையும் படித்தேன். வேலை முடிந்து வந்து ராத்திரியில் இதை எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். அவர்கள் ஒரு வரிகூடப் பதில் போடாததில் எனக்கும் வருத்தம்தான்.

பட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது ராமானுஜன் நம் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. பட்டம் கிடையாது. ஆனால் கடிதம் முழுக்கச் சூத்திரங்கள். சரியா தப்பா என்று ஹார்டியால் உட்கார்ந்து போட்டுப் பார்க்க முடிந்தது. உங்கள் நோட்டில் அப்படிப் போட்டுப் பார்க்க ஒரு எண்கூட இல்லை.

புதன் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் நியூட்டன் விதிப்படி கழித்த பிறகும் நூறு ஆண்டுக்கு 43 வில்நொடி மிச்சம் நின்றது. ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு வில்நொடி. மைக்ரோமீட்டரில் துளி கூடினாலும் ஜாப் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்த உங்களுக்கு இந்த மிச்சத்தின் மதிப்பு புரியும். 1915 நவம்பரில் ஐன்ஸ்டீனின் புதிய ஈர்ப்புக் கணக்கு அந்த 43-ஐக் கொடுத்தது. ஈர்ப்பு மெலிந்த இடங்களில் அதே சமன்பாடு நியூட்டனின் விதியாகவே ஆகிவிடும். பழைய சரியான கணக்கு ஒன்றும் கெடவில்லை.

அப்புறம் அணு அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் இயங்கியல் வந்தது. ஐன்ஸ்டீனின் ஈர்ப்பு, குவாண்டம் இரண்டும் தத்தம் இடத்தில் அபாரமாக ஒத்துப்போகின்றன. கருந்துளையின் மையத்தில் இரண்டையும் சேர்த்தால் கணக்கு உடைகிறது. அந்தச் சேர்க்கை நேரடியாகத் தெரியவேண்டிய நீளம், மீட்டரில் புள்ளிக்குப் பின் 34 சுழியம் தாண்டி வருவது. ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் கட்டிய, அணுத்துகள்களை மோதவிடும் கருவியும் அதன் அருகில்கூடப் போகாது. ஐன்ஸ்டீனே ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒன்றாக்கக் கடைசி முப்பது வருடம் முயன்று, முடியாமலே 1955-ல் போனார்.

சரி, உங்கள் 17-ம் பக்கத்துக்கு வருகிறேன். சூரியன் பக்கத்தில் அதிர்வு மெதுவாகும் என்கிறீர்கள். எவ்வளவு? அதை எழுதி, 43 வருகிறதா பாருங்கள். நுண்கணிதம் வேண்டும், நான் சொல்லித் தருகிறேன். ஞாயிறு காலை ராயபுரம் வீட்டில்தான் இருப்பேன். நோட்டோடு வாங்க.